மலைக்குத் திரும்பாத ஆய்வேடுகள்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் சாலை, ஏற்காட்டுக்குள் நுழைந்து ஒண்டிக்கடையில் பல திசையாகப் பிரிகிறது. சுற்றுலா வருபவர்களில் பெரும்பாலோர் ஏரியையும் காட்சிமுனைகளையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று சேர்வராயன் மலையின் உள்ளூர்களுக்குப் போகிறவர்களில் மாணவர்களும் உண்டு. மருத்துவம், செவிலியம், மருந்தியல், தாவரவியல் படிக்கிறவர்கள். வினாப்படிவக் கட்டு, ரத்த அழுத்தக் கருவி, எடை மெஷின், பறித்த செடிகளை அழுத்தி வைக்கப் பழைய செய்தித்தாள் என்று சுமந்து போவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு புராஜெக்ட் அல்லது ஒரு தீசிஸ்.

மாணவர் ஆய்வு என்றாலே இளக்காரமாகப் பேசுவது நம் கல்வியுலகில் வழக்கமாகிவிட்டது. பட்டத்துக்காகச் செய்கிறார்கள், பைண்டிங் போட்டு நூலகத்தில் வைக்கிறார்கள், அதோடு முடிந்தது என்பார்கள். இந்தப் பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு போன்ற பெரிய கணக்கெடுப்புகளின் புள்ளிவிவரம் மாவட்ட அளவோடு நின்றுவிடும். சேலம் மாவட்டத்தின் சராசரியில் மேட்டூரும் ஆத்தூரும் ஏற்காடும் ஒன்றாகக் கரைந்துபோகும். ஒரு மலையூரின் உடல்நிலை என்ன என்று தெரிய வேண்டுமானால் யாராவது அந்த ஊருக்கு நடந்து போக வேண்டும். நடந்து போகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள்தான். ஆகவே இந்த ஆய்வுகள் சிறியவை என்பது குறையல்ல. எடுத்த தகவல் கொடுத்த ஊருக்குத் திரும்பாததும், ஒரு பேட்ச் விட்ட இடத்திலிருந்து அடுத்த பேட்ச் தொடராததும்தான் குறை.

மலையும் மக்களும்

சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் மலையாளிகள். கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் பழங்குடிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் ஏறக்குறைய 3.58 லட்சம் பேர் மலையாளிகள். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம் இதுதான். சேர்வராயன், கல்ராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாதுமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளில் பரவியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது. சாமையும் ராகியும் விளைந்த மலை தோட்டங்களின் மலையானது. வெள்ளைக்காரர்கள் தங்கள் உடல்நலத்துக்காக இங்கே பங்களா கட்டினார்கள். மலைக்காற்று நோயைத் தீர்க்கும் என்று அந்தக் காலம் நம்பியது. காசநோயாளிகளுக்குச் சானடோரியத்தில் தங்குவதே சிகிச்சை என்ற எண்ணமும் அந்த நம்பிக்கையின் நீட்சிதான். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு அதைப் பரிசோதித்துப் பார்த்தது. முறையாக மருந்து கொடுத்தால், நெரிசலான வீட்டில் இருக்கும் ஏழை நோயாளியும் சானடோரியத்து நோயாளிக்குச் சமமாகக் குணமடைகிறார் என்று 1959இல் அது நிறுவியது. உலகத்தின் காசநோய்ச் சிகிச்சை முறையே அதற்குப் பிறகு மாறியது. மலைக்காற்றைப் புகழ்ந்தவர்கள் பலர். அந்தக் காற்றைச் சுவாசித்தே வாழ்கிற மலைவாசிகளின் நோய்களைக் கணக்கெடுத்தவர்கள் மிகச் சிலர். டாக்டர் அபய் பங் தலைமையிலான நிபுணர் குழு 2018இல் வெளியிட்ட பழங்குடியினர் உடல்நலம் பற்றிய அறிக்கை, இந்தியா முழுவதற்கும் இதே குறையைச் சொல்கிறது: பழங்குடிகளைப் பற்றித் தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய தரவுகள் போதிய அளவில் இல்லை.

மாணவர் கையில் இருக்கும் வாய்ப்பு

மருத்துவ மாணவர்கள் ஆய்வு செய்ய இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்தும் குறுகிய கால மாணவர் உதவித்தொகைத் திட்டம். எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஒரு கைடின் கீழ் இரண்டு மாதம் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்கலாம். இரண்டாவது, எம்.டி., எம்.எஸ். படிப்பில் கட்டாயமான தீசிஸ். மூன்றாவது, தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம். இதன்படி ஒவ்வொரு மாணவரும் முதலாண்டிலிருந்தே சில கிராமக் குடும்பங்களை ஏற்றுக்கொண்டு, அவர்கள் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் உடல்நிலையைக் கவனிக்க வேண்டும். சேலத்தில் 1986இல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட மருத்துவக் கல்லூரிகளும், 1997இல் உருவான பெரியார் பல்கலைக்கழகமும் மலையடிவாரத்திலேயே இருக்கின்றன. கண்ணுக்கெதிரே ஒரு மலை, பக்கத்திலேயே இத்தனை மாணவர்கள். வாய்ப்புக்குக் குறைவில்லை.

மாணவர்களால் பெரிதாக என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு மருத்துவ வரலாறு பதில் சொல்கிறது. பால் லாங்கர்ஹான்ஸ் 1869இல் பெர்லினில் தன் பட்ட ஆய்வேட்டுக்காகக் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அதற்குள் தனித்த செல் கூட்டங்கள் இருப்பதை விவரித்தார். அப்போது அவருக்கு 21 வயது. அவை எதற்காக இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. 52 ஆண்டுகள் கழித்து டொரான்டோவில் மருத்துவர் பான்டிங்கும், மாணவரான சார்லஸ் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோதுதான் அந்தச் செல்களின் முக்கியத்துவம் உலகுக்கு முழுதாகப் புரிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்கு வழிவகுத்த பொருளை 1916இல் கண்டவர் ஜே மெக்லீன், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இரண்டாமாண்டு மருத்துவ மாணவர்.

மலைநோய் ஒன்றுக்காக உயிரையே கொடுத்த மாணவரும் உண்டு. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் தோலில் மருக்களை உண்டாக்கும் நோய் ஒன்று இருந்தது. ரயில் பாதை போட வந்த தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற ஒரோயா காய்ச்சலும் அதே மலைகளில் இருந்தது. இரண்டும் ஒன்றா, வேறா என்று தெரியாமல் மருத்துவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். டேனியல் கரியோன் என்ற மருத்துவ மாணவர் 1885 ஆகஸ்டில் ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்த ரத்தத்தைத் தன் கையில் செலுத்திக்கொண்டார். அவருக்கு வந்தது ஒரோயா காய்ச்சல். அக்டோபர் 5ஆம் தேதி இறந்தார். நோய் ஒன்றுதான் என்பது நிரூபணமானது. அந்த நாளைப் பெரு மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறது. இப்படிப்பட்ட பரிசோதனையை இன்று எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் கரியோன் கேட்ட கேள்வி அந்த மலையில் பிறந்த கேள்வி என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு துளி ரத்தம்

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு என்று ஒரு மாணவி ஆராயப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சாதாரணமான தலைப்பு. எத்தனை பேரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்குத் தீசிஸ் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம் ஒன்று உண்டு: நான்கு பெருக்கல் நோயுள்ளோர் சதவீதம், பெருக்கல் நோயில்லாதோர் சதவீதம், வகுத்தல் அனுமதிக்கும் பிழையின் வர்க்கம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பிழை 5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 399 பேர் வரும். பெரும்பாலான ஆய்வேடுகளில் மாதிரி அளவு பற்றிய பகுதி இதோடு முடிந்துவிடும்.

மலை கேட்கும் கேள்விகள் இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. இந்த 399 பேரை எங்கே பார்ப்பது? ஊர் நடுவில் முகாம் போட்டால் நடந்து வர முடிந்தவர்கள் வருவார்கள். தோட்டத்துக் கூலிக்குப் போன பெண் வரமாட்டாள். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் மிளகு, காப்பித் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் கணக்கிலேயே இல்லை. சோகை அதிகமாக இருக்கக்கூடியவர்களே விடுபட்டுப்போகலாம். ஊர் ஊராகக் கொத்தாகத் தேர்ந்தெடுத்தால், ஒரே ஊர்க்காரர்களின் சாப்பாடும் நோயும் ஒன்றுபோல இருக்கும் என்பதால் மாதிரி அளவை ஏறக்குறைய இருமடங்காக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது விரல் நுனி. ஊசி குத்தியதும் வரும் முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். குளிரில் விறைத்த விரலில் ரத்தம் எளிதில் வராது. அவசரத்தில் விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும், ஹீமோகுளோபின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடப் பொறுமை முடிவையே மாற்றும்.

மூன்றாவது உயரம். மேலே போகப்போகக் காற்றில் ஆக்சிஜன் குறைவதால் உடல் தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே மலையில் எடுத்த அளவிலிருந்து ஒரு பங்கைக் கழித்த பிறகே சமவெளியின் வரம்போடு ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 1,000 மீட்டர் உயரத்துக்கு டெசிலிட்டருக்கு 0.2 கிராம், 1,500 மீட்டருக்கு 0.5 கிராம் கழிப்பார்கள். 2024இல் வந்த புதிய வழிகாட்டி 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8 கிராமும், 1,500 முதல் 1,999 மீட்டர் வரை 1.1 கிராமும் கழிக்கச் சொல்கிறது. கருவுறாத பெண்ணுக்கு வரம்பு 12 கிராம். சேலத்தில் ஒரு பெண்ணுக்கு 12.4 என்று வந்தால் சோகை இல்லை. அதே 12.4, 1,100 மீட்டர் உயரத்து மலையூர்ப் பெண்ணுக்கு வந்தால் பழைய கணக்கில் 12.2, சோகை இல்லை. புதிய கணக்கில் 11.6, சோகை உண்டு. எந்த அட்டவணையைப் பின்பற்றினோம், ஊர் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எழுதாத ஆய்வேட்டின் சதவீதத்தை அடுத்து வருபவர் எதனோடும் ஒப்பிட முடியாது. உயரத்தைக் கழிக்காமலே விட்டால் சோகை குறைவு என்ற தவறான ஆறுதல் கிடைக்கும். அதன் விலையை மாத்திரை கிடைக்காமல்போகும் பெண் கொடுப்பாள்.

மறைவில் இருக்கும் கரும்புண்

காய்ச்சல் ஆய்வுகளுக்கும் இதே கவனம் தேவை. தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் ஸ்க்ரப் டைபஸ், புதர்களில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் கூடும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல வலியில்லாத ஒரு கரும்புண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் நோயைக் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்தில் குணமாகும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பாதித்து உயிரையே எடுத்துவிடும். கடுமையான நிலையில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது நல்லது என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்த பல மருத்துவமனை ஆய்வு 2023இல் காட்டியது.

ஆனால் அந்தப் புண் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதில்லை. ஆண்களுக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும், பெண்களுக்கு மார்புக்கடியிலும் வயிற்றிலும் அதிகம் காணப்படுவதை வேலூர் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சட்டைக்கு மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டு ‘புண் இல்லை’ என்று புரொஃபார்மாவில் டிக் அடித்தால், பெண்களுக்கு அந்தப் புண் குறைவு என்ற பொய்யான முடிவு அச்சேறும். மலையூருக்குப் போகும் குழுவில் மாணவிகள் இருக்க வேண்டும், மறைவான ஓர் அறை வேண்டும் என்பதெல்லாம் ஆய்வின் துல்லியத்துக்கே அடிப்படை. கோடை விடுமுறையில் மட்டும் மலையேறுகிற ஆய்வு, குளிர்கால நோயை எந்த நாளும் காணாது.

மூலிகையும் அதைச் சொன்னவரும்

சேர்வராயன் மலையில் அதிகம் நடந்திருப்பவை மூலிகை ஆய்வுகள். மலையாளி வைத்தியர்களிடம் கேட்டுச் செடியின் பெயர், பயன்படும் பாகம், எந்த நோய்க்கு என்று பட்டியலிடுவார்கள். பிறகு இலையைக் காயவைத்துச் சாறெடுத்து, கிருமி வளர்த்த தட்டில் வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். பட்டியல் பயனுள்ளதுதான். ஆனால் தட்டில் விழுந்த வட்டம் மருந்தாகிவிடாது. மனித உடலில் எவ்வளவு கொடுத்தால் பலன், எவ்வளவுக்கு மேல் நஞ்சு என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

தமிழ்நாட்டு மலைகளில் பாம்புக்கடிக்குச் சொல்லப்படும் ஈஸ்வரமூலியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாவரக் குடும்பத்தில் இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இன்று ஐயத்துக்கிடமில்லாத உண்மை. பெல்ஜியத்தில் உடல் மெலிய அந்த வகை மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993இல் வெளியே வந்தது. பட்டியலில் அந்தச் செடியின் பெயரை எழுதும் மாணவர், இந்த எச்சரிக்கையை வைத்தியரிடமும் ஊராரிடமும் எடுத்துச்சொல்லவும் கடமைப்பட்டவர். பாம்பு கடித்தால் விஷமுறிவு ஊசிதான் உயிர் காக்கும், நேரத்தைக் கடத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அறிவைக் கொடுத்தவருக்கு என்ன திரும்பியது என்பது இன்னொரு கேள்வி. 1987இல் அகத்தியமலைக்குப் போன தாவரவியலாளர் குழுவுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே வந்தார்கள். கேட்டபோது அதைக் காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று திருவனந்தபுரம் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் முடிவுசெய்தது. அதற்காகக் காணிகளின் நல அறக்கட்டளை 1997இல் பதிவானது. நடைமுறையில் சிக்கல்கள் இருந்தன. ஆனாலும் பழங்குடி அறிவுக்குப் பங்கு உண்டு என்று உலகமே எடுத்துக்காட்டாகப் பேசிய ஏற்பாடு அது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் அந்தக் கொள்கையைச் சட்டமாகவே ஆக்கியது.

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவில் நடந்தது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடிகளிடம் நீரிழிவு ஆய்வுக்கு என்று 1990 முதல் ரத்தம் எடுத்தார்கள். பிறகு அவர்களைக் கேட்காமலே அதை மனநோய் பற்றியும் பூர்வீகம் பற்றியும் ஆராயப் பயன்படுத்தினார்கள். வழக்கு நடந்து, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத் தரப்பு 7 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து, மிஞ்சிய ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை இந்த அனுபவங்களையெல்லாம் உள்வாங்கியது. பழங்குடியினரிடையே ஆய்வு என்றால் அது சிகிச்சை, நோயறிதல், நோய்த்தடுப்பு என்ற நோக்கத்தோடு, அவர்களுக்குத் தக்க பலன் தருவதாக இருக்க வேண்டும் என்கிறது. உரிய அதிகாரிகளின் அனுமதியும், சமூகம் மதிக்கும் பெரியவர் ஒருவரின் துணையும் வேண்டும் என்கிறது. ஊர்த் தலைவரான கவுண்டரிடம் சொல்லிவிட்டோம் என்பது தனிமனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது. ஆங்கிலப் படிவத்தில் வாங்கிய கைநாட்டும் சம்மதமாகாது.

சித்தேரிக்கு அப்பால் ஒரு முன்மாதிரி

கணக்கெடுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்ராயன் மலைக்கும் நடுவே இருக்கும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் மலையாளிகள்தான் அதிகம். டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993இல் அங்கே ‘பழங்குடிநல முயற்சி’ என்ற அமைப்பைக் கூரைக் கொட்டகையில் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, ஊர்தோறும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்துப் பதிந்ததில் அந்த எண்ணிக்கை 20 அளவுக்கு இறங்கியது. ஒரு முறை எண்ணிவிட்டு நிறுத்தியிருந்தால் 147 என்பது யாரோ ஒருவரின் ஆய்வேட்டில் ஓர் எண்ணாக இருந்திருக்கும். ஆண்டுதோறும் எண்ணியதால்தான் அது குறைவதைப் பார்க்கவும், குறைக்கவும் முடிந்தது.

சேர்வராயன் மலையிலும் இதைச் செய்யலாம். பணமோ கட்டடமோ பெரிதாகத் தேவையில்லை. ஒவ்வொரு பேட்ச்சும் புதுத் தலைப்பைத் தேடி அலையாமல், குறித்த சில மலையூர்களைக் கல்லூரி நிரந்தரமாக ஏற்கட்டும். குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் அதற்குச் சட்டபூர்வமான வழியைக் கொடுத்திருக்கிறது. முதலாண்டு மாணவர் குடும்பத்தைப் பதியட்டும். இடையாண்டு மாணவர் ஐ.சி.எம்.ஆர். உதவித்தொகையில் ஒரு கேள்வியை எடுக்கட்டும். பி.ஜி. மாணவர் அதே ஊர்களில் தீசிஸ் செய்யட்டும். அளக்கும் முறையும் கருவியும் ஒன்றாக இருந்தால், ஐந்தாண்டில் எந்தப் பெரிய நிறுவனத்திடமும் இல்லாத ஒரு பதிவேடு சேலத்தில் உருவாகிவிடும். கேள்வியையும் அந்த ஊர் செவிலியரிடமும் பெண்களிடமும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முடிவுகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, ஊராட்சியின் கிராமசபையில் படித்துக்காட்டி, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகை வாங்கி வரும்வரை, எந்த ஆய்வேட்டையும் எத்திக்ஸ் கமிட்டி முடிந்ததாக ஏற்கக் கூடாது. சோகை கண்டுபிடிக்கப்பட்ட பெண்ணுக்கு மாத்திரை கிடைத்ததா என்ற வரியும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், அரசாணை வேண்டாம். சேலத்து மருத்துவக் கல்லூரி முதல்வர்களும் கைடுகளும் மனம்வைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.